எள்ளப்பட்டவன் சிரித்த சிரிப்பு

மெய்ப்பாடுகள் எட்டென வகுத்த தொல்காப்பியர் அவற்றுள் நகையை முதலில் வைத்தார். அதற்கடுத்து அழுகையை வைத்தார். மூன்றாவதாக இளிவரலை, அதாவது பிறர் முன்னிலையில் தான் இழிவுற்றதாக ஒருவன் கொள்ளும் உணர்வை வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று கூறி, அந்நான்கினுள்ளும் எள்ளலை முதலாவதாக எண்ணினார். இப்பகுதிக்கு உரைகண்ட பேராசிரியர் எள்ளலை இரண்டாகப் பிரித்துக் காட்டுகின்றார். பிறரை இகழ்ந்து தான் சிரிப்பது ஒருவகை. பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தான் சிரிப்பது மற்றொரு வகை.

முதல்வகைச் சிரிப்பை யாவரும் அறிவர். தெருவிலும், சந்தையிலும், கலியாண வீட்டிலும், கல்லூரி முற்றத்திலும் நாள்தோறும் கேட்பது அதுவே. இரண்டாவது வகை அரிது. தன்னை இகழ்கின்றார்கள் என்று அறிந்தவனுக்குக் கோபம் வரலாம், கண்ணீர் வரலாம். சிரிப்பு எங்ஙனம் வரும் என்று மாணவர் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. அவ்வினாவுக்கு விடையாக ஒருவரது வாழ்க்கையையே இவ்வாரம் எடுத்துரைக்க எண்ணுகின்றோம். அவர் தொல்காப்பியத்தின் பெயரையும் கேட்டறியாதவர், அமெரிக்க நாட்டினர். ரொட்னி டேஞ்சர்பீல்ட் என்பது உலகம் அறிந்த அவர் பெயர். மேடையில் தனிநின்று நகைச்சுவை கூறுபவராகவும், திரைப்படங்களில் குணசித்திர நடிகராகவும் விளங்கி, 2004ஆம் ஆண்டில் மறைந்தவர்.

அவருடைய கலை எத்தகையது என்பதை முதலிற் கூறுதல் வேண்டும். நமது கூத்திலே கோமாளி வருவான். ஆனால் அவனுக்குத் துணையாக அரசனும் அமைச்சனும் உளர், மத்தளமும் பாட்டும் உள. இவன் பேச்சுச் சோர்ந்தால் அவர்கள் ஆட்டம் தொடரும். அமெரிக்காவில் ‘ஸ்டாண்ட்-அப்’ என வழங்கும் கலையில் இத்துணைகள் எவையும் இல்லை. கதை இல்லை, வேடம் இல்லை, உடன் நடிப்பார் இல்லை. ஓர் ஒலிவாங்கியும் அதன்முன் ஒரு மனிதனும் மாத்திரமே. அவன் சொன்ன சொல்லுக்குச் சபை சிரிக்கவில்லையாயின், அந்த மௌனத்தை மறைப்பதற்கு ஒரு திரைச்சீலைகூட இல்லை. உணவும் மதுவும் பரிமாறும் இரவு விடுதிகளிலே, பாதிக் கவனத்தோடு இருப்பாரைச் சிரிக்கவைத்து ஊதியம் பெறுதல் எளிய தொழிலன்று.

ரொட்னி டேஞ்சர்பீல்டின் இயற்பெயர் ஜேக்கப் கோயன். 1921ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்து லோங் ஐலண்ட் பகுதியில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். தந்தையார் ‘பில் றோய்’ என்னும் பெயருடன் ஊரூராகச் சென்று மேடையேறிய நகைச்சுவைக் கலைஞர். ஊராரைச் சிரிக்கவைத்த அம்மனிதர் தம் வீட்டில் தங்கியது மிகக் குறைவு. மகன் தந்தையைக் கண்டது ஆண்டுக்கு இருமுறை அளவில்தான். தாயாரிடமும் அன்பான சொல்லோ அரவணைப்போ கிடைக்கவில்லை என்று அவரே பிற்காலத்திற் பலமுறை கூறியுள்ளார். நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தபின், பள்ளிச் சிறுவனாயிருந்த அவர் பத்திரிகை விற்றார். கடற்கரையில் ஐஸ்கிறீம் விற்றார். பலசரக்குக் கடைச் சாமான்களை வீடு வீடாகக் கொண்டுசென்று கொடுத்தார்.

பின்னாளில் அவர் மேடையிற் கூறிய ஒரு வேடிக்கையை இவ்விடத்திற் கூறிவிடுதல் பொருந்தும். சிறுவயதில் அவர் கடற்கரையில் வழிதவறி விட்டாராம். பொலிஸ்காரர் ஒருவரிடம் ஓடிச்சென்று, தாய் தந்தையரைத் தேடித் தருமாறு கேட்டாராம். அதற்கு அப்பொலிஸ்காரர், ‘எப்படியப்பா தேடுவது? அவர்கள் ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் இங்கே எத்தனையோ இருக்கின்றனவே!’ என்றாராம். கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. தந்தை வராத வீட்டில் வளர்ந்த பிள்ளை சொல்லியது இது என்று அறிந்தபின் அச்சிரிப்பு வேறொன்றாகிவிடுகிறது. நகைக்கும் அழுகைக்கும் இளிவரலுக்கும் தொல்காப்பியர் அடுத்தடுத்து இடம் கொடுத்தது நம் நினைவுக்கு வருகிறது.

பதினைந்து வயதிலேயே நகைச்சுவைத் துணுக்குகளை எழுதத் தொடங்கிய அவர், பத்தொன்பது வயதளவில் ‘ஜக் றோய்’ என்னும் பெயருடன் மேடையேறினார். தந்தையார் சூடிய ‘றோய்’ என்னும் மேடைப் பெயரை மகனும் சூடிக்கொண்டமை கவனிக்கத்தக்கது. கற்ஸ்கில் மலைப்பகுதியின் கோடை விடுதிகளிலும் நகரத்துச் சிறு விடுதிகளிலும் ஒன்பது ஆண்டுகள் போராடினார். பாட்டுப் பாடிக்கொண்டே உணவு பரிமாறும் வேலையும் செய்தார், அதிலிருந்தும் நீக்கப்பட்டார். புகழும் வரவில்லை, பொருளும் சேரவில்லை. திருமணமாகிக் குடும்பப் பொறுப்பும் வந்துசேரவே, மேடையை விட்டு விலகினார்.

அவ்விலகலைப் பற்றியும் அவர் பின்னர் ஒரு வேடிக்கை கூறுவார். தாம் கலையுலகை விட்டு விலகியதை அறிந்தவர் உலகத்தில் ஒருவரே இருந்தார் என்றும், அவ்வொருவர் தாமே என்றும் சொல்வார்.

விலகிய பின்னர் அவர் செய்த தொழில், வீடுகளின் வெளிச்சுவர்களுக்கு அடிக்கும் அலுமினியத் தகடுகளை விற்பது. வீட்டுக் கதவுகளைத் தட்டி, வேண்டாம் என்பாரை வேண்டும் என்று சொல்லவைக்கும் தொழில். பத்தாண்டுக்கும் மேலாக அவர் மேடையிலிருந்து விலகியே இருந்தார். ஆயினும் துணுக்குகள் எழுதுவதை அவரால் நிறுத்த முடியவில்லை. கேட்பார் எவருமில்லாத வேடிக்கைகளை ஒருவர் ஆண்டுக்கணக்காக எழுதிச் சேர்த்து வைத்ததை எண்ணிப் பார்க்கும்பொழுது, அது அவருக்குத் தொழிலாக அமையுமுன்னரே பிணிபோலப் பற்றியிருந்தது எனல் தகும்.

1960ஆம் ஆண்டை அண்டிய காலத்தில், நாற்பது வயதை எட்டியபொழுது அவர் மீண்டும் மேடைக்கு வந்தார். இல்வாழ்விற் பிளவு; ஏறக்குறைய 20,000 டொலர் கடன்; பகலில் தகடு விற்பனை, இரவில் விடுதி மேடை. தோற்றுப்போன ஜக் றோய்தான் திரும்பி வந்திருக்கிறார் என்பதைப் பழையவர்கள் அறியாதிருக்கவேண்டும் என்று எண்ணி, வேறொரு பெயர் சூட்டுமாறு விடுதி உரிமையாளர் ஒருவரைக் கேட்டார். அவர் சூட்டிய பெயரே ரொட்னி டேஞ்சர்பீல்ட். அதுவும் புதிய பெயரன்று. ஜக் பெனி என்னும் புகழ்பெற்ற நகைச்சுவையாளர் 1941ஆம் ஆண்டிலேயே தமது வானொலி நிகழ்ச்சியில் ஒரு கற்பனை நடிகனுக்கு வேடிக்கையாக இட்ட பெயர் அது. ஆக, நாற்பது வயதில் அவருக்குக் கிடைத்த பெயரும் பிறர் ஒருமுறை சிரித்துக் கழித்த பெயரே!

எனினும் பெயர்மாற்றம் மாத்திரம் போதாதென்பதை அவர் உணர்ந்தார். வெற்றி பெற்ற ஒவ்வொரு நகைச்சுவையாளருக்கும் மேடையில் ஓர் உருவம் உண்டு. ஒருவர் கருமி, ஒருவர் கோபக்காரர், ஒருவர் அப்பாவி. தமக்கு அத்தகைய உருவம் இல்லையென்று தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒளித்துப் பிடித்து விளையாடுவது பற்றிய துணுக்கு ஒன்றை எழுதினார். சிறுவயதில் தாம் ஒளிந்துகொண்டால் மற்றப் பிள்ளைகள் தம்மைத் தேடுவதே இல்லை என்பது அதன் பொருள். துணுக்கு நன்று, ஆனால் அதற்கு முன்னே ஒரு வாசகம் வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. பலவாறு முயன்று, இறுதியில் ‘எனக்கு மரியாதையே கிடைப்பதில்லை’ என்னும் பொருள்படும் ஒரு வாசகத்தை முன்னே வைத்துச் சொல்லிப் பார்த்தார். சபை சிரித்தது. சிரித்தது மாத்திரமன்று, கேட்டவர்கள் அவ்வாசகத்தைத் தங்கள் வாயிலும் எடுத்துக்கொண்டார்கள். உத்தியோகத்தில் மேலாளரிடமும், வீட்டில் பிள்ளைகளிடமும், கடையில் சிப்பந்தியிடமும் மதிப்பிழந்து நிற்கும் சாமானிய மனிதன் ஒவ்வொருவனும் தன் குறையை இவர் சொல்லக் கேட்டான்.

1967ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், அமெரிக்கா முழுவதும் ஞாயிறு இரவுகளிற் பார்த்துவந்த எட் சலிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவருக்கு இடம் கிடைத்தது. அதுவும் கடைசி நேரத்தில் வேறொருவருக்குப் பதிலாகக் கிடைத்த இடமே. அப்பொழுது அவருக்கு வயது 45. அன்றிரவே நாடு அவரை அறிந்துகொண்டது. பின்னர் ஜொனி கார்சனின் இரவு நிகழ்ச்சியில் எழுபது தடவைக்கு மேல் தோன்றினார். 1969இல் நியூயோர்க்கின் மன்ஹற்றன் பகுதியில் ஒரு பங்காளியுடன் சேர்ந்து ‘டேஞ்சர்பீல்ட்ஸ்’ என்னும் நகைச்சுவை விடுதியைத் தொடங்கினார். வளரும் பிள்ளைகளை விட்டு ஊரூராகச் செல்ல அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் இருக்கும் நகரிலேயே நிலையான மேடை ஒன்று வேண்டும் என்பதும் அவ்விடுதியைத் தொடங்கியதற்கு ஒரு காரணம். தம் தந்தை செய்யாததை அவர் செய்ய விரும்பினார். அவ்விடுதி அரை நூற்றாண்டு நடைபெற்று 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

கறுப்பு மேற்சட்டை, வெள்ளைச் சட்டை, சிவப்புக் கழுத்துப்பட்டி ஆகியவையே அவர் கோலம். பெரிய கண்கள் உருளும், முகம் வியர்க்கும், கை கழுத்துப்பட்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும், தூக்குக் கயிற்றைத் தளர்த்துபவனைப்போல. ஒரு துணுக்கு இரண்டு வாக்கியம், மிஞ்சினால் மூன்று. முதல் வாக்கியம் நம்மை ஒரு பக்கம் நடத்திச் செல்லும். அடுத்த வாக்கியம் எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். சிரித்து முடியுமுன் அடுத்தது வரும். பார்ப்பவருக்கு அது நெஞ்சிலிருந்து தானாகக் கொட்டுவதுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு சொல்லும் பலநாள் சபையோர் முன் சொல்லிப் பார்த்து, மிகையானதைக் களைந்து, நிறுத்தி எடுத்தது. பொற்கொல்லன் குன்றிமணி எடை பார்ப்பதுபோல் அவர் சொற்களை எடைபார்த்தார். மாணவர் கவனிக்கவேண்டிய பகுதி இது. எளிமையாகத் தோன்றும் எழுத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

அவருடைய துணுக்குகள் யாவும் மாசற்றவை என்று நாம் கூறமாட்டோம். மனைவியைக் குறித்தும், பெண்களின் உருவத்தைக் குறித்தும் அவர் சொன்னவற்றுட் பல, பிள்ளைகளுடன் வீட்டிலிருந்து கேட்கத் தகாதவை. இக்காலத்து நோக்கில் வெறுக்கத்தக்கவையும் உள. எனினும் அவர் எறிந்த கல் பெரும்பாலும் தம் தலையிலேயே விழுமாறு எறிந்தார் என்பதையும் கூறுதல் நீதியாகும். ஏழையை, ஊனமுற்றவனை, வேற்றினத்தானைக் காட்டிச் சிரிப்பூட்டுதல் எங்கும் மலிந்த தொழில். அவர் தமக்கென்று தேர்ந்துகொண்ட இலக்கு தாமேதான்.

இங்கே ஒரு கருத்தை நின்று நோக்குதல் வேண்டும். நீண்டகாலம் வகுப்பறையிற் கழித்த நமக்கு ஒருவகை மாணவனை நன்கு தெரியும். அவன் பெரும்பாலும் பின்வாங்கில் இருப்பான். உடல் பருத்தவனாக, திக்கிப் பேசுபவனாக, அல்லது கிழிந்த சட்டைக்காரனாக இருப்பான். மற்றவர்கள் தன்னைக் கேலி செய்யுமுன் தானே தன்னைக் கேலிசெய்து வகுப்பைச் சிரிக்கவைப்பான். அவனைக் கெட்டிக்காரன் என்று சொல்லி நாம் அப்பாற் போய்விடலாம். ஆனால் அச்சிரிப்பு அவனுக்கு ஒரு கேடயம் என்பதை ஆசிரியரும் பெற்றோரும் மறத்தலாகாது. கேடயம் ஏந்துபவன் எங்கோ ஒருமுறை அடிபட்டவன். ஆகவே அவனுடைய வேடிக்கைக்குச் சிரித்தபின், அவனைத் தனியே அழைத்து இரண்டு வார்த்தை பேசுதலும் நம் கடமையாகும். ஜேக்கப் கோயனுக்கு அவ்விரண்டு வார்த்தை பேச வீட்டில் எவரும் இருந்திலர்.

திரைப்படங்களில் அவர் புகழ் பெற்றதும் காலந்தாழ்த்தியே. 1980இல் வெளியான ‘கடிஷக்’ என்னும் படத்தில், செல்வரின் கோல்ப் கழகத்துக்குள் புகுந்து அவர்களுடைய பெருமிதத்தைக் கலைக்கும் பணக்காரக் கட்டட முதலாளியாக நடித்தார். அப்படப்பிடிப்பில் நிகழ்ந்த ஒன்று சுவையானது. வசனத்தைச் சொல்லி முடித்ததும் எவரும் சிரிக்காமையால், தமது நடிப்பு அடியோடு தோற்றுவிட்டதென்று அவர் கலங்கிப்போனார். ஒலிப்பதிவு நடக்கும்பொழுது வேலையாட்கள் சிரித்தலாகாது என்பதைப் பிறர் எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. சபையின் சிரிப்பே தமக்கு மூச்சாகக் கொண்ட ஒருவர் மௌனத்தின் முன் நின்று நடுங்கிய காட்சி அது.

1986இல் வந்த ‘பக் ரு ஸ்கூல்’ என்னும் படம் அமெரிக்காவில் மட்டும் 9 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. பள்ளிப்படிப்பை முடிக்காத செல்வந்தர் ஒருவர் மகனுக்குத் துணையாகத் தாமும் பல்கலைக்கழகத்திற் சேர்கின்றார். கேட் வொனகட் என்னும் எழுத்தாளரைப் பற்றிக் கட்டுரை எழுதவேண்டி வந்தபொழுது, அவ்வெழுத்தாளரையே கூலிக்கு அமர்த்தி எழுதுவிக்கின்றார். அக்கட்டுரையைப் படித்த பேராசிரியை, இதை எழுதியவருக்கு வொனகட்டைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று தள்ளிவிடுகின்றார்! வொனகட்டே அப்படத்தில் நேரில் தோன்றுகின்றார். ஆசிரியத் தொழிலில் இருப்பவர்கள் அக்காட்சியைப் பார்த்துச் சிரிப்பதோடு சற்றுச் சிந்திக்கவும் செய்யலாம்.

குணசித்திர நடிகர் என்னும் பெயருக்கு அவரை முழுதும் உரியவராக்கியது 1994இல் ஒலிவர் ஸ்டோன் இயக்கிய ‘நச்சுரல் போர்ன் கில்லர்ஸ்’ என்னும் படம். அதில் அவர் ஏற்ற வேடம், பெற்ற மகளுக்கே கொடுமை இழைக்கும் தந்தை. அப்பகுதி ஒரு குடும்ப நகைச்சுவைத் தொலைக்காட்சி நாடகம்போல அமைக்கப்பட்டது. ஒவ்வொரு கொடுஞ்சொல்லுக்கும் பின்னணியில் சபையோரின் சிரிப்பொலி எழும். தம் பேச்சிற் பெரும்பகுதியை அவரே எழுதிக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் சிரிப்பை நாடிய மனிதர், சிரிக்கத் தகாத இடத்தில் எழும் சிரிப்பு எத்துணைக் கொடியது என்பதைத் தம் முகத்தாலேயே காட்டினார். பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

ஆயினும் அவர் கூறிவந்த குறை கடைசிவரை அவரைத் தொடர்ந்தது. ஹொலிவூட் திரைப்படக் கலைக்கழகத்தில் உறுப்பினராவதற்கு அவர் செய்த விண்ணப்பம் 1995இல் நிராகரிக்கப்பட்டது. இரசிகர்கள் கண்டனம் தெரிவித்தபின் கழகம் மனம் மாறியது. அப்பொழுது வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். மதிப்பு முற்றாகக் கிடைக்கவில்லை என்றும் கூறமுடியாது. ‘நோ றெஸ்பெக்ட்’ என்னும் அவரது இசைத்தட்டு 1981இல் கிறமி விருது பெற்றது. அவருடைய வெள்ளைச் சட்டையையும் சிவப்புக் கழுத்துப்பட்டியையும் வொஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நூதனசாலை கேட்டு வாங்கிக்கொண்டது. கொடுக்கும்பொழுது அவர், லிண்ட்பேர்க்கின் விமானத்தைத் துடைப்பதற்குத்தானே இவற்றை வாங்குகிறீர்கள் என்று கேட்டாராம்.

அவர் வாழ்க்கையில் நாம் மிகவும் போற்றுவது விருதுகளை அன்று. தமக்கு எவரும் திறவாத கதவை அவர் இளைஞர்களுக்குத் திறந்துவிட்டார். தமது விடுதி மேடையையும், எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் தாம் நடத்திய இளம் நகைச்சுவையாளர் நிகழ்ச்சிகளையும் புதியவர்களுக்கு அளித்தார். சாம் கினிசன், றோசான் பார் முதலிய பலர் அவ்வாறு நாட்டுக்கு அறிமுகமானவர்களே. கனடாவிலிருந்து வந்த ஜிம் கரி என்னும் இளைஞரைத் தமது நிகழ்ச்சிகளில் முன்னதாக மேடையேற்றினார். பிறரைப்போல் நடித்துக்காட்டிப் பெயர்பெற்ற அவ்விளைஞர் அதை விட்டுப் புதுவழி ஒன்றில் இறங்கினார். சபைக்கு அது விளங்கவில்லை. வேறொருவராயின் அவரை அப்பொழுதே நீக்கியிருப்பார். டேஞ்சர்பீல்டோ திரைமறைவில் நின்று சிரித்து இரசித்தார். மேடையையும் தொடர்ந்து கொடுத்தார். பின்னாளில் உலகப்புகழ் பெற்ற ஜிம் கரி இதனை நன்றியோடு நினைவுகூர்ந்துள்ளார். சபை சிரிக்காத இரவு எப்படியிருக்கும் என்பதை ஒன்பதாண்டுகள் அனுபவித்து அறிந்தவரே அவ்வாறு செய்யமுடியும்.

சிரிப்பு அவருடைய துயரைத் தீர்த்ததா? தீர்க்கவில்லை. வாழ்நாள் முழுவதும் மனச்சோர்வு தம்மை வருத்தியதை அவர் மறைக்காமற் கூறினார். 2004இல் வெளிவந்த தன்வரலாற்றிலும் அதை எழுதினார். நோயை நோயென்று சொல்ல வெட்கப்படும் சமுதாயங்களில், சிரிப்பூட்டும் தொழிலுடைய ஒருவர் தம் மனநோயை வெளிப்படையாகச் சொல்லியது சிறிய காரியமன்று.

அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் இருதய வால்வை மாற்றும் சத்திரசிகிச்சைக்காக அவர் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வைத்தியசாலைக்குச் சென்றார். எவ்வளவு நாள் அங்கே தங்குவீர்கள் என்று கேட்டதற்கு, எல்லாம் நன்றாக நடந்தால் ஒரு வாரம், நடக்காவிட்டால் ஒன்றரை மணித்தியாலம் என்று விடையிறுத்தார். சிகிச்சைக்குப்பின் நினைவிழந்து கிடந்து, ஒக்டோபர் 5ஆம் நாள், 82ஆவது வயதில் உயிர்நீத்தார். பெரிய நடிகர்கள் பலர் துயிலும் வெஸ்ற்வூட் மயானத்தில் அவர் அடக்கஞ் செய்யப்பட்டார். தரங்குறைந்தவன் ஒருவன் குடிவந்தால் அயலவர்கள் முணுமுணுக்கும் சொல்லொன்று அந்நாட்டில் உண்டு. ‘இந்த அயல் இனிக் கெட்டது’ என்று தமிழில் அதைக் கூறலாம். அவர் கல்லறைக் கல்லில் பொறித்திருப்பது அச்சொல்லே.

பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் சிரித்தல் என்று பேராசிரியர் கூறியதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேறெங்குக் கிடைக்கும்? இதைப் படிக்கும் இளைஞருள், இருபத்தெட்டு வயதில் தோற்றுவிட்டோம் என்று எண்ணித் தகடு விற்கப் போனவரும் இருக்கலாம். அவருக்கு நாம் சொல்லக்கூடியது, எழுதுவதை நிறுத்தவேண்டாம் என்பதே. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சொல்லக்கூடியது வேறொன்று: உங்களைச் சிரிக்கவைக்கும் பிள்ளை வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால், இன்று மாலையே அவனோடு சற்றுநேரம் இருந்து பேசுங்கள்.